செவ்வாய்க்கிழமைக்குள் ஐந்து பிள்ளைகள் தேவை

புடவைக் கடை, பிரதான வீதி,
ஹட்டன்.
14-3-1954

தலவாக்கலையில் இரும்புக் கடையையும் நல்ல பெயரையும் ஒருசேர நடத்திவரும் மச்சான் பொன்னையா அவர்களுக்கு, ஹட்டன் பெரியதம்பி மிகுந்த மரியாதையுடன் எழுதிக்கொள்வது. இங்கே என் வலது கை ஆள்காட்டி விரல் நீங்கலாக எல்லோரும் சுகம். அங்கே அக்காள் ஜெயலெட்சுமியும், உங்கள் மகளும், மகளின் பிள்ளைகள் ஐந்து பேரும் சுகமாக இருப்பார்கள் என்று நம்புகிறேன். குறிப்பாக அந்த ஐந்து பேரும் சளி, காய்ச்சல் எதுவும் இல்லாமல் பஸ் ஏறக்கூடிய நிலையில் இருக்க வேண்டும் என்று மாரியம்மனை வேண்டிக்கொள்கிறேன். ஏன் என்பது பின்னால் வரும்.

விரல் வீங்கிப் போய்ப் பேனா பிடிக்க முடியாததால், நான் சொல்லச் சொல்ல இதை என் மகள் பூரணிதான் எழுதுகிறாள். தன் கல்யாண விஷயத்தைத் தானே எழுதுவது பெண்ணுக்குக் கூச்சமாக இருக்கும் என்று அவள் அம்மா தடுத்துப் பார்த்தாள். கூச்சமாக இருந்தால் தலையைக் குனிந்துகொள்ளட்டும், எப்படியும் எழுதும்போது குனியத்தானே வேண்டும் என்று சொல்லி உட்கார வைத்திருக்கிறேன்.

தை மாதம் வெற்றிலை பாக்கு மாற்றியபோது நீங்களும் வந்திருந்தீர்கள். மாப்பிள்ளை பழனியாண்டி கொடிமலைத் தோட்டத்தில் சின்னக் கணக்கப்பிள்ளை. கொழுந்து பறிக்கும் பெண்களை மலையில் நின்று மேய்க்கும் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் நம் ஹட்டன் வளர்பிறை உதைபந்தாட்டக் கழகத்தின் சென்டர் போவர்ட். முதலாவதைச் சம்பளத்துக்காகவும் இரண்டாவதை நமக்காகவும் செய்கிறார். நான் பெண் கொடுக்கச் சம்மதித்தது இரண்டாவதைப் பார்த்துத்தான் என்பதை மறைக்க விரும்பவில்லை. அரையிறுதியில் நுவரெலியாவுக்கு விழுந்த ஏழு கோலில் நாலு அவருடைய வலது காலிலிருந்து போனவை. வருகிற 28ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை உங்கள் தலவாக்கலையோடு இறுதிப் போட்டி. நீங்கள் எந்தப் பக்கம் நின்று கத்துவீர்கள் என்று எனக்குத் தெரியும். சொந்தம் வேறு, கோப்பை வேறு. ஆனால் நான் கேட்கப்போகும் உதவியைத் தலவாக்கலைக்காரராக இருந்து யோசிக்காமல், பூரணியின் மாமாவாக இருந்து யோசிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

மாப்பிள்ளையைக் கோர்ட்டில் குற்றவாளி என்று தீர்த்துவிட்டதாக உங்கள் ஊரில் பேசிக்கொள்வதாகக் கேள்விப்பட்டேன். தீர்த்தது உண்மை. ஆனால் நடந்தது என்ன என்று தெரிந்தால் சிரிப்பீர்கள். கொடிமலையில் பேச்சியம்மா என்று ஒரு கொழுந்துக்காரி. பிள்ளைக்காம்பராவில் விட்டிருந்த கைக்குழந்தைக்குப் பால் கொடுக்கப் போனவள், மலைக்குத் திரும்பப் பத்து நிமிடம் பிந்திவிட்டாள். மாப்பிள்ளை, "இன்னைக்கு ஒனக்கு வேலை இல்ல, வீட்டுக்குப் போ" என்று மரியாதையாகச் சொல்லியிருக்கிறார். அவளோ, "காலையில இருந்து பறிச்சிருக்கேனுங்க, கூலிக்குப் பேர் போட்டாத்தான் போவேன்" என்று அங்கேயே நின்றிருக்கிறாள். மாப்பிள்ளை உதைத்தார். அவள் முகத்தை மறைக்கக் கையைக் குறுக்கே கொண்டுவந்திருக்கிறாள். கையில் இரண்டு எலும்பு முறிந்துவிட்டது. தோட்டத்தில் தினமும் நடக்கும் சமாசாரம். இது வெளியே வந்தே இருக்காது. தொழிற்சங்கத் தலைவர் கொழுந்து லொறியை மறித்து அவளை ஏற்றி நேரே பொலிசுக்குக் கொண்டுபோய்விட்டார். கொடிமலைத் துரையே கழகத்தின் புரவலர். அவர் மனம் நொந்துபோய், தோட்டத்துக்குள் நடந்ததை எல்லாம் இப்படித் தெருவுக்குக் கொண்டுவந்தால் தேயிலை எப்படி வளரும் என்று கேட்டாராம்.

மார்ச் 4ஆம் திகதி நீதவான் குற்றம் உறுதி என்று சொல்லி, தண்டனையை 11ஆம் திகதிக்குத் தள்ளி வைத்தார். அன்றைக்கே சரிபுதீன் நானாவின் ஓட்டலில் கழகத்து ரசிகர்கள் எல்லோரும் கூடிவிட்டோம். உங்களுக்குத் தெரியும், அந்த ஓட்டலில் இரண்டு வாங்குகள்தான். சுவரோரத்து வாங்கில் மாப்பிள்ளை குற்றமற்றவர் என்பவர்கள் உட்கார்ந்தோம். வாசலோரத்து வாங்கில் குற்றவாளி என்பவர்கள் உட்கார வேண்டும். அதில் நம் கோல்கீப்பர் ராசிக் ஒருவன் மட்டும் காலை நீட்டி உட்கார்ந்திருந்தான். இவன் சரிபுதீன் நானாவின் தம்பி. ஓட்டலில் கல்லாவும் அவன்தான். விவாதம் என்றால் அப்படி ஒரு விவாதத்தை நான் கோர்ட்டில்கூடப் பார்த்ததில்லை. பஸ் கண்டக்டர் முஹம்மதுதான் தொடங்கினான். "எனக்கு ஒண்டு சொல்லுங்க. ஒன்பது வருஷமா அவர் ஒதைக்கிறாரு, நாங்க கை தட்டுறோம். இப்ப ஒரு ஒதை மட்டும் குத்தம் எண்டா, மத்த ஒதையெல்லாம் என்ன?" என்றான். நானும் ஒரு பாயிண்டை எடுத்து வைத்தேன். நாவலப்பிட்டியில் மாப்பிள்ளை அடித்த பெனால்டி வலையைக் கிழித்துக்கொண்டு போய்ப் பின்னால் நின்ற மாட்டைச் சாய்த்தது. அப்பேர்ப்பட்ட கால் மனம் வைத்து உதைத்திருந்தால் கை முறிவதோடு நின்றிருக்குமா? கையே இருந்திருக்காது. கை இருக்கிறது என்பதே அவர் வேண்டுமென்று உதைக்கவில்லை என்பதற்குச் சாட்சி. இந்த நியாயம் நீதவானுக்கு எப்படித் தெரியும்? அவர் டென்னிஸ் ஆடுகிறவர். அது போக அவருக்குப் பெண் கொடுத்த இடம் நுவரெலியா. அரையிறுதியில் வாங்கிய ஏழு கோல் யாருக்குத்தான் வலிக்காது?

ராசிக் வாங்கில் தாளம் போட்டுக்கொண்டு, "மொதலாளி, அந்தப் பொம்புள நிண்டது பெனால்டி ஏரியாவா?" என்று கேட்டான்.

"ஒழுங்கா பேசுடா. நீ கோல்கீப்பர், வெளையாட்ட மட்டும் பாரு" என்றேன்.

"அதாலதான் செல்றேன். ஆறு வருஷமா பிராக்டிஸ்ல அவன்ட ஒதைக்கு முன்னுக்கு நிக்கிறவன் நான். அவன் தெரியாம ஒதைக்கிற ஆள் இல்ல. எங்க படணும் எண்டு பாத்துத்தான் ஒதைப்பான். என்ட கையில நான் உறை போட்டு ஈக்கேன். அவ கையில என்ன ஈந்திச்சு? கொழுந்து."

இவனை வாங்கிலிருந்து தள்ளிவிட வேண்டும் என்று இரண்டு பேர் எழுந்தார்கள். இறுதிப் போட்டிக்கு வேறு கோல்கீப்பர் இல்லை என்று ஞாபகம் வந்ததும் உட்கார்ந்துவிட்டார்கள். ஆக, ஒன்பது வருடம் கோல் போட்டவர் குற்றமற்றவர் என்றும், பேச்சியம்மா நிற்கக் கூடாத இடத்தில் நின்றாள் என்றும் முடிவு செய்து, கோர்ட்டுக்கு ஒரு பெட்டிசம் கொடுப்பது என்று தீர்மானித்தோம்.

பெட்டிசம் என்றால் இந்த ஊரில் கந்தப்பன்தான். கோர்ட்டு மதிலோரம் டைப்ரைட்டரோடு உட்கார்ந்திருப்பானே, அவன். இங்கிலீசில் எழுதுவான். நம்மில் யாருக்கும் இங்கிலீசு வாசிக்கத் தெரியாததால் அவன் எழுதியது அருமையாக இருந்தது. அடியில் கைநாட்டு வேண்டும் என்றான். அடுத்த நாள் காலை கொடிமலையில் பெரட்டுக் களத்தில், வேலைக்குப் பெயர் கொடுக்க வந்த சனத்தை வரிசையில் நிறுத்தி, பெரிய கணக்கப்பிள்ளையே மைப்பெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார். இருநூற்றுப் பன்னிரண்டு பெருவிரல்! என்ன எழுதியிருக்கிறது என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. மாப்பிள்ளை மேல் அவ்வளவு நம்பிக்கை. கைநாட்டு வைக்காதவருக்கு அன்று வேலை இல்லை என்று சொல்லியிருந்ததும் ஒரு சிறு காரணமாக இருக்கலாம். நாற்பத்தேழாவது பெருவிரல் பேச்சியம்மாவின் புருஷனுடையது. அவள் புருஷனே மன்னித்துவிட்டான், இனிச் சட்டத்துக்கு என்ன வேலை?

11ஆம் திகதி வியாழக்கிழமை கடையைப் பூட்டிவிட்டுக் கோர்ட்டுக்குப் போனேன். பெட்டிசத்தை நீதவான் படித்துப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றினார். மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்து, சபைக்குத் தமிழில் சொல்லச் சொன்னார். அவர் கணீர் என்ற குரலில் வாசித்தார்: "எதிரி பழனியாண்டியையே நம்பி அவரது மனைவியும் ஐந்து இளம் பிள்ளைகளும் வாழ்கின்றனர். மூத்த பிள்ளைக்கு வயது எட்டு. கடைசிக் குழந்தைக்குப் பத்து மாதம். எதிரி சிறை சென்றால் இந்த ஆறு சீவன்களும் பட்டினி கிடக்கும்." முஹம்மது அங்கேயே கண்ணைத் துடைத்தான். எனக்கும் ஒரு கணம் துக்கமாகத்தான் இருந்தது. பிறகுதான் மச்சான், அந்த ஆறு சீவன்கள் யார் என்று யோசித்தேன். எனக்கு மாப்பிள்ளை தேவைப்பட்டது உண்மை. ஐந்து பேரப்பிள்ளைகள் கல்யாணத்துக்கு முன்பே தேவைப்படவில்லை.

நீதவான் பேச்சியம்மாவைக் கூப்பிட்டு, சொல்ல ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். கட்டுப் போட்ட கையை மார்போடு வைத்துக்கொண்டு மாப்பிள்ளையையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். "ஒண்ணுமில்லீங்க" என்றாள். பயந்துவிட்டாள் போலிருக்கிறது. நல்ல பழக்கம், முன்பே பயந்திருந்தால் கோர்ட்டு வரை வந்திருக்காது. உடனே தீர்ப்பு: மூன்று மாதக் கடூழியச் சிறை கொடுக்க வேண்டியது, ஆனால் மனைவி மக்களை முன்னிட்டு ஒரு வருட நன்னடத்தைப் பிணையில் விடுகிறேன் என்றார். நாங்கள் கை தட்டக் கையை எடுத்தோம். எடுத்த கை அப்படியே நின்றது. ஏனென்றால் நீதவான் இன்னும் முடிக்கவில்லை. 23ஆம் திகதி செவ்வாய்க்கிழமை நன்னடத்தை அதிகாரி எதிரியின் வீட்டுக்குப் போய் மனைவியையும் பிள்ளைகளையும் நேரில் பார்த்து எழுதிக் கொடுக்க வேண்டுமாம். பெட்டிசம் பொய் என்று தெரிந்தால் மூன்று மாதமும் அன்றிலிருந்தே.

வெளியே வந்து கந்தப்பனின் சட்டையைப் பிடித்தேன். "யோவ், கல்யாணமே ஆகாதவருக்கு எங்கேருந்துய்யா பொண்டாட்டி வந்தா?"

அவன் டைப்ரைட்டரைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, "முதலாளி, சட்டைய விடுங்க, ஒண்ணுதான் இருக்கு. நாலு வருசமா பிரஜாவுரிமை விண்ணப்பமா எழுதி எழுதிக் கை தானா போட்டுருச்சுங்க. பொண்டாட்டி புள்ளைய இந்த நாட்டுல வச்சிருக்கேன்னு காட்டாட்டி ஒரு ஆபீசரும் நம்மாளுக பேப்பரத் திறந்தே பாக்கிறதில்ல. இங்கேயே பொறந்து, இங்கேயே சாகப்போறவனுக்கும் அதேதான். ஒத்த ஆளா எழுதுனா, இவன் நாளைக்கு இந்தியாவுக்குக் கப்பலேறிடுவான்னு தள்ளிடுறாங்க" என்றான்.

"அதுக்கு அஞ்சு எதுக்குய்யா? ஒண்ணு ரெண்டு போட்டா ஆகாதா?"

"ரெண்டுன்னா எரக்கம் வராதுங்க. ஏழுன்னா நம்பமாட்டாங்க. என் அனுபவத்துல அஞ்சுதான் சரியா நிக்கும்."

அவனை என்ன செய்வது? அவன் எழுதிய குடும்பங்களில் இதுதான் முதன்முதலாக வென்ற குடும்பம். விண்ணப்பம் போட்ட ஆயிரம் பேருடைய நிஜமான மனைவி மக்களை அரசாங்கம் நம்பவில்லை. இல்லாத மனைவியையும் இல்லாத பிள்ளைகளையும் உடனே நம்பிவிட்டது. சட்டத்துக்கும் உதைபந்துக்கும் ராசி வேண்டும் மச்சான்.

அன்று மாலையே ஓட்டலில் மறுபடி கூடினோம். இப்போது விவாதம், மாப்பிள்ளை குற்றவாளியா என்பது அல்ல. அது முடிந்த கதை. குடும்பத்துக்கு எங்கே போவது என்பதுதான். முஹம்மது சரிபுதீன் நானாவைப் பார்த்து, "நானா, ஒங்கட ஊட்டுல புள்ளைகள் ஈக்கிதுதானே?" என்றான். நானா தேத்தண்ணி ஆற்றுவதை நிறுத்தாமலே, "ஈக்கிது மூணு. கமறியா, செரீபா, சின்னவ ஹவ்வா. பழனியாண்டிட மக செரீபா எண்டு எந்த ஆபீசர்ட போய்ச் செல்லப் போறீங்க? அதோட அவகட உம்மா எனக்குச் சோறு போடணும்" என்றார். தோட்டத்து லயத்திலிருந்து தொழிலாளர் பிள்ளைகளைக் கூட்டி வரலாம் என்று ஒருவர் சொன்னார். அவை அதிகாரியைக் கண்டதும் உண்மையைச் சொல்லிவிடும் என்று இன்னொருவர் சொன்னார். யாராவது ஒரு பெண்ணை மனைவியாக நிறுத்தினால், பிற்பாடு அவள் நிஜமாகவே போகமாட்டேன் என்று நின்றுகொண்டால் என்ன செய்வது என்றும் பேசப்பட்டது. அப்போதுதான் கந்தப்பன் தொண்டையைச் செருமிக்கொண்டு, "வெளியில எதுக்குங்க தேடுறீங்க? முதலாளி மக பூரணி இருக்குல்ல. வைகாசியில எப்படியும் பொண்டாட்டிதானே. ரெண்டு மாசம் முந்தி எழுதினதா நெனைச்சுக்கலாம்" என்றான்.

பூரணிக்குப் பத்தொன்பது வயது, மூத்த பிள்ளைக்கு எட்டு வயது, இது எப்படிப் பொருந்தும் என்று நான் கேட்டேன். "பதினொன்னுல பெத்ததா சொல்லிக்கலாங்க. தோட்டத்து ஆளுகன்னா எதையும் நம்புவாரு ஆபீசரு" என்றான். ராசிக் மட்டும், "மொதலாளி, அவளிட்டக் கேட்டீங்களா?" என்றான். பெண்ணின் தகப்பனிடம் கேட்கும் கேள்வியா இது? நான் எழுந்து நின்று, "கழகத்துக்காக என் மகளைத் தருகிறேன்" என்றேன். மச்சான், இத்தனை வருடம் கடை நடத்துகிறேன், ஊரில் எனக்காக ஒருவனும் கை தட்டியது இல்லை. அன்றைக்கு வாங்கு முழுவதும் எழுந்து தட்டியது.

வாங்கு முழுவதும் எழுந்ததுதான் வினை. நான் கையை வாங்கின் விளிம்பில் ஊன்றியிருந்தேன். முஹம்மது முதலில் துள்ளி எழ, வாங்கு பின்னால் சாய்ந்து என் விரலைச் சுவரோடு நசுக்கியது. எலும்பு முறியவில்லை. ஆனால் என்ன வலி! அவன் வந்து, "தெரியாமப் பட்டிச்சு மொதலாளி" என்கிறான். எல்லா முரடனும் அப்படித்தான் சொல்வான். தெரியாமல் பட்டால் வலிக்காதா? துணி அளக்கிற விரல் இது, இதை வைத்துத்தான் நான் பிழைக்கிறேன். மறுநாளே பொலிசில் முறைப்பாடு எழுதிவிட்டேன். இரண்டு வாரமாவது உள்ளே இருந்தால்தான் இவர்களுக்கெல்லாம் அடுத்தவன் கை என்றால் என்ன என்று புத்தி வரும். (இந்த இடத்தில் பூரணி எழுதுவதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். என்ன என்று கேட்டால் பேனாவில் மை இல்லை என்கிறாள். நிறைய இருக்கிறது.)

வீட்டுக்கு வந்து பூரணியிடம் விவரத்தைச் சொன்னேன். அழுவாள் என்று நினைத்தேன், அழவில்லை. "பேச்சியம்மாவுக்கு எத்தனை புள்ளைங்கப்பா?" என்று கேட்டாள். "அது பெட்டிசத்துல இல்லையேம்மா" என்றேன். அதற்குமேல் அவள் ஒன்றும் கேட்கவில்லை. மௌனம் சம்மதம் என்பதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

நேற்றுச் சனிக்கிழமை மாப்பிள்ளை வீட்டுக்கு வந்திருந்தார். தங்கமான மனுஷன். "நான் அடிக்கவே இல்ல மாமா. காலைத்தான் வீசினேன். அவ கையக் கொண்டாந்து வச்சா" என்று சொல்லி வருத்தப்பட்டார். பூரணி அடுப்படியிலிருந்து காப்பி கொண்டுவரக் கொஞ்சம் தாமதமாகிவிட்டது. விறகு ஈரம். "ஒரு காப்பிக்கு இவ்வளவு நேரமா?" என்று கேட்டார். அவருக்கு முன்னால் இருந்த முக்காலியில் காப்பியை வைத்தாள். அவர் உட்கார்ந்தபடியே முக்காலியை ஒரு தட்டுத் தட்டினார். காப்பி சுவருக்கும், முக்காலி கதவைத் தாண்டி வெளியே குழாயடிக்கும் போய்ச் சேர்ந்தன. நிலைப்படியில் படவில்லை, தூணில் படவில்லை, பூரணி மேல் படவில்லை. ஒரு சாண் இடைவெளியில் அவளைச் சுற்றிக்கொண்டு போயிற்று. என்ன குறி, என்ன கணக்கு! இந்தக் காலை மூன்று மாதம் சிறையில் கல் உடைக்கவிடலாமா என்று நான் வீட்டுக்காரியிடம் கேட்டேன். அவள் சுவரைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பெண்களுக்கு விளையாட்டு புரிவதில்லை.

ஆகவே மச்சான், விஷயத்துக்கு வருகிறேன். கடவுள் கணக்குப் பார்த்துக் கொடுத்த மாதிரி உங்கள் மகளுக்குப் பிள்ளைகள் சரியாக ஐந்து. மூத்தவனுக்கு எட்டு வயது. கைக்குழந்தைக்குப் பத்து மாதம் ஆகாவிட்டாலும், குழந்தையின் வயதை அதிகாரி பல்லைப் பிடித்தா பார்க்கப்போகிறார்? ஐந்து பேரையும் 22ஆம் திகதி திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் ஹட்டனுக்கு அனுப்பி வைக்கவும். நல்ல சட்டை வேண்டாம், பழையதாகப் பார்த்துப் போட்டு அனுப்பவும். இரக்கம் வர வேண்டும். கைக்குழந்தைக்காக உங்கள் மகளும் வரலாம், ஆனால் அதிகாரி வரும் நேரம் அவள் கடையில் இருந்துகொள்ள வேண்டும். முக்கியமாக, இப்போது பூரணியை அத்தை என்று கூப்பிடும் வாய்களை ஒரு வாரத்துக்குள் அம்மா என்று கூப்பிடப் பழக்கிவிடவும். மாப்பிள்ளையை அப்பா என்று கூப்பிட வேண்டும். அவர் கோபமாகப் பார்த்தால் ஓடக் கூடாது என்றும் சொல்லிவைக்கவும். தலவாக்கலை கோப்பையைத் தூக்குவதற்காக நீங்கள் பிள்ளைகளை அனுப்பாமல் விட்டதாக நாளைக்கு ஒருவரும் பேசிவிடக் கூடாது. நேர்மையாக விளையாடித் தோற்பதுதான் உங்கள் ஊருக்கும் அழகு.

அக்காளுக்கு என் அன்பையும், மகளுக்கும் பிள்ளைகளுக்கும் என் ஆசிகளையும் சொல்லவும். எல்லாம் வல்ல மாரியம்மன் அருளால் உங்கள் இரும்புக்குத் துரு ஏறாமலும் எங்கள் துணிக்குப் பூச்சி ஏறாமலும் இரு குடும்பமும் செழிக்கட்டும். விரல் இப்படி இருப்பதால் கையெழுத்துக்குப் பதில் கடை முத்திரை மையில் பெருவிரல் வைக்கிறேன்.

இப்படிக்கு,
என்றும் உங்கள் நலம் நாடும்
பெரியதம்பி
(இடது கைப் பெருவிரல் அடையாளம்)

பி.கு.: மாமா, இது பூரணி. பெருவிரல் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் எழுத்துத்தான் இருக்கிறது என்று பார்த்திருப்பீர்கள். இது நான் பார்த்து எழுதிய பிரதி. அப்பா பெருவிரல் வைத்த கடிதம் உங்களுக்கு வரவில்லை. நன்னடத்தை அதிகாரிக்குப் போகிறது. அப்பா கடைக்குப் போனதும் இரண்டு உறைகளையும் நானே தபாலில் போடப் போகிறேன். பொய்க் குடும்பத்தைக் காட்டுவதற்கு முன்னால் பிடிபட்டால் அப்பாவுக்குத் திட்டுதான் கிடைக்கும், காட்டிய பிறகு பிடிபட்டால் அவரும் உள்ளே போவார் என்று ராசிக் அண்ணன் சொன்னார். அதனால் முன்னாலேயே பிடித்துக் கொடுக்கிறேன். பிள்ளைகளை அனுப்ப வேண்டாம். அத்தையை மட்டும் அனுப்புங்கள். அன்றைக்கு அம்மாவுக்குப் பக்கத்தில் யாராவது இருக்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை அப்பாவின் விரலுக்குக் கட்டுப் போட டிக்கோயா ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தோம். அப்பா உள்ளே போன நேரம் வெளி வாங்கில் கட்டுப் போட்ட கையோடு ஒருத்தி உட்கார்ந்திருந்தாள், பெயர் கூப்பிட்டபோதுதான் பேச்சியம்மா என்று தெரிந்தது. மடியில் குழந்தை. ஒரு கையால் அதைப் பிடித்து மாற்றிப் போட முடியவில்லை. நான் தூக்கிக் கொடுத்தேன். நான் யார் என்று அவளுக்குத் தெரியாது. கோர்ட்டில் ஏன் ஒன்றும் சொல்லவில்லை என்று கேட்டேன். "அந்த ஐயாவுக்கு அஞ்சு புள்ளைங்களாமே தங்கச்சி. கடைசிக் கொழந்தைக்கு இவன் வயசாம். என் வாயால அதுகளப் பட்டினி போடவான்னு விட்டுட்டேன்" என்றாள்.

அந்தப் பிள்ளைகள் இல்லை என்றும், அந்த மனைவி நான்தான் என்றும் சொன்னேன். அவள் கோபப்படுவாள் என்று நினைத்தேன். முறியாத கையால் என் கையைப் பிடித்து, முழங்கை வரை வளையலைத் தள்ளித் தள்ளிப் பார்த்தாள்.

"ஒங்களையும் அடிச்சாராம்மா?" என்று கேட்டாள்.

இன்னும் இல்லை என்றேன்.